ஐந்தருவியில் கலங்கிய ஒன்று

மூன்று வருடங்களுக்கு முன், நல்ல சாரல் சமயம். சித்தி மகளின் வளைகாப்புக்காக ஐந்தருவிக்குப் பக்கத்து ஊரான மேலகரம் வந்திருந்தேன்.

நான் வேலை பார்ப்பது வெளியூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில். பெரிய அண்டாவில் காய்ச்சாமல், மெல்லிய குழாய்களுக்குள் திரவங்களை ஓடவிட்டு, ஓடும்போதே மருந்தாக்குவோம். உற்பத்தியைப் பெருக்கக் குழாயை அகலமாக்கினால் சூடு கட்டுக்கு அடங்காது. அதனால் பதினாறு மெல்லிய குழாய்களை அருகருகே பொருத்தியிருந்தோம். நான் ஊரில் இருந்த அன்றுதான் முதல் வெள்ளோட்டம்.

காலையில், குழாய்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும் சக ஊழியர் போன் செய்தார். "மேடம், ஏழாவது குழாய் மட்டும் ரெண்டு டிகிரி கூடக் காட்டுது. நிறுத்திரவா?"

"சராசரி சரியா இருக்குல்லா? ஓடட்டும்" என்றேன். லீவு நாளில் தொந்தரவு செய்கிறாரே என்று எரிச்சல் வேறு.

அப்புறம் ஐந்தருவிக்குப் போய்விட்டேன். பெண்கள் பக்கம் கூட்டமே இல்லை. தலையில் தண்ணீர் விழ விழ, கண் தானாக மூடிக்கொண்டது. மேகம் பாறைவரை இறங்கியிருந்தது. நான் யார், என்ன வேலை என்பதெல்லாம் மறந்தே போச்சு. அப்படியொரு சுகம்!

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என் தோளை உலுக்கினார். "ஏ தங்கச்சி, ஓரத்துல ஒண்ணு மட்டும் கலங்கி வருதுல்லா. வா, வெளிய போயிருவோம்."

எனக்கு வர மனசில்லை. "மத்த நாலும் தெளிவாத்தான இருக்கு?"

"நாலு தெளிவா இருந்தா என்னட்டி? ஒண்ணு சொல்லிட்டுல்லா!" என்று கையைப் பிடித்து இழுத்தே விட்டார்.

நாங்கள் படியேறி முடிக்கவில்லை, ஐந்தும் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு இறங்கின. போலீஸ் விசில் அதற்குப் பிறகுதான் கேட்டது. நான் நின்று குளித்த இடமே வெள்ளத்தில் தெரியவில்லை.

ஒண்ணு சொல்லிட்டுல்லா. ஒன்று சொல்லிவிட்டதே! காலையில் வந்த போன் அப்போதுதான் சுருக்கென்று நினைவுக்கு வந்தது. ஈரக் கையோடு பையைத் துழாவி போனை எடுத்து அந்த ஊழியரை அழைத்தேன். "உடனே நிறுத்துங்க. நீங்க தள்ளிப் போயிருங்க!"

திறந்து பார்த்தால், ஏழாவது குழாய்க்குள் உப்புப் போலப் படிந்து முக்கால்வாசி அடைத்திருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் வெடித்திருக்கும், அவர் முகத்துக்கு நேராக. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதும் யாராவது "சராசரி சரியா இருக்கு மேடம்" என்றால், ஒவ்வொரு குழாயின் கணக்கையும் தனித்தனியாகக் கேட்கிறேன். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், சராசரி பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவோமா என்ன?