ஜானட்டின் பாஸ்வேர்டு

ராயபுரத்தில் நோயலின் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருபத்தைந்து வருஷமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை இறக்கிப் போடச் சொல்லி மனைவி ஐரீன் சண்டை பிடிக்காத கிறிஸ்துமஸ் கிடையாது.

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. ஊரே திருட்டு விண்டோஸ் சிடியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது நோயலுக்கு மட்டும் கிறுக்குப் பிடித்தது. ரிச்சி தெருவில் அட்டைப்பெட்டியும் தடிப் புத்தகமுமாக விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ரெட் ஹேட் லினக்ஸைக் காசு கொடுத்தே வாங்கிவந்தான். தங்கை ஜானட் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க, அவன் தட்டுவான். எல்லாம் வரும், சத்தம் மட்டும் வராது. மறுபடி முதலிலிருந்து. அதற்காக ஒரு ஞாயிறு பூசைக்கே போகவில்லை. கடைசியில் ஸ்பீக்கர் கரகரத்தபோது இரண்டு பேரும் கட்டில்மேல் ஏறிக் குதித்தார்கள். அப்படியொரு சந்தோஷம் பிறகு வந்ததாக நோயலுக்கு நினைவில்லை.

ஒரே அறை, ஐந்து பேர். ஜானட் எதை எழுதி வைத்தாலும் யாராவது எடுத்துப் படித்துச் சிரிப்பார்கள். லினக்ஸிலோ ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஆளுக்கொரு இடம். அவளுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தான்.

"என்னுதுல கீறத நீ பாக்க முடியாதாண்ணா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லார் இடத்துக்குள்ளும் நுழைய விடும் 'ரூட்' பாஸ்வேர்டு அவனிடம்தான் இருந்தது.

"முடியும். ஆனா பாக்க மாட்டேன்."

"அது போதும்" என்றாள். கல்யாணமாகி எண்ணூர் போகும்வரை சாயங்காலமானால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாள்.

இந்தப் பிப்ரவரியில் ஜானட் போய்விட்டாள். புற்றுநோய். கடைசியில் பேச்சும் நின்றுவிட்டிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் மகள் ரேச்சல் நோயலிடம் வந்தாள்.

"மாமா, அந்தப் பெட்டில இன்னாமோ எழுதிகினு இருந்தேன்னு அம்மா சொல்லும். ஒரு வரியாச்சும் எடுத்துக் குடு மாமா. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாம பூட்ச்சு."

இறக்கித் துடைத்து மாட்டினான். பாழாய்ப்போனது செத்தாவது இருந்திருக்கலாம். முனகிக்கொண்டே எழுந்துவிட்டது. கறுப்புத் திரையில் ஓடிய வெள்ளை எழுத்துகள் ரேச்சலுக்குப் புரியவில்லை. ரூட் பாஸ்வேர்டு விரலிலேயே இருந்தது. ஜானட்டின் இடம் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு வரி தட்டினால் தங்கை பேசுவாள். அவனுக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் செத்துப்போனவளென்றால் மட்டும் கேட்காமல் உள்ளே போய்விடலாமா?

கம்ப்யூட்டரை நிறுத்தினான்.

"டிஸ்கு பூட்ச்சுமா. ஒண்ணும் வரல."

ரேச்சல் அவன் தோளில் சாய்ந்து தேம்பினாள். ஐரீனுக்குப் பொறுக்கவில்லை.

"ஓடாத சனியன இன்னாத்துக்கு வெச்சிகினு கீற? புள்ள அத்தப் பாத்துப் பாத்து அழுவுது. கீழ பழைய சாமான்காரன் வந்துகிறான், போட்டுடு."

மறுத்துச் சொல்ல நோயலுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. சொன்ன பொய் கையைக் கட்டிவிட்டது. யாரையும் தொடவிடாமல் தானே தூக்கிக்கொண்டு படியிறங்கினான். ரேச்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பழைய சாமான்காரன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "ஓடுமா சார்? ஓடும்னா ஒடைக்க மாட்டோம், தனியா வெச்சிருவோம்."

ரேச்சல் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடாது" என்றான் நோயல். "ஒடைச்சுக்கோ."