நாலெழுத்து மட்டும் மிஞ்சிய லிஸ்ட்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பி.காம். முடித்த கையோடு, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்திருந்தேன். எந்த லாரியில் எந்தக் கன்டெய்னர் வருகிறது என்று எக்செல்லில் லிஸ்ட் போட்டுத் துறைமுக வாசல் கேட்டுக்கு அனுப்ப வேண்டும். கன்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். எங்கள் மேனேஜர் அண்ணாச்சி எழுத்தை ஒரு கட்டத்திலும் எண்ணைப் பக்கத்துக் கட்டத்திலும் அடிப்பார். இரண்டையும் மூன்றாவது கட்டத்தில் சேர்க்க நான் ஃபார்முலா போட்டுவைத்தேன். முன்னால் நிற்கும் சைபர்கூட உதிராது.

"என்னளா, ஒரே நம்பரு ரெண்டு தடவ நிக்கு. பாக்க அசிங்கமா இருக்கு" என்றார்.

அன்று காலையில் லாரி டிரைவர் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "சாயங்காலம் வேம்பார்ல மகளுக்குப் பூ வைக்க மாப்ள வீட்டுல வாராக. மத்தியானமே எறக்கிட்டு ஓடிருவேன்."

நான் சாப்பிட்டுத் திரும்பும்போது அவரிடமிருந்து போன். "ஏளா, கேட்ல நம்ம வண்டி லிஸ்ட்ல இல்லைங்கான். வெறும் இங்கிலீஷ் எழுத்துதான் நிக்காம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் ஃபார்முலாவை அழித்துவிட்டு, வரிவரியாக இரண்டு கட்டங்களையும் ஒரே கட்டமாக மெர்ஜ் பண்ணி, சேவ் பண்ணி, மெயிலும் அனுப்பியிருந்தார் மேனேஜர். இடது பக்கம் இருப்பது மட்டும்தான் மிஞ்சும் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் எச்சரித்திருக்கும். ஒவ்வொரு தடவையும் ஓகே அமுக்கியிருக்கிறார்.

"எழுத்து எப்படி நடுவுல வந்து நிக்கு பாத்தியா?" என்றார்.

"நம்பர எங்க அண்ணாச்சி?"

"அடியில இருக்கும்ளா."

"தூக்கிப் பாக்கதுக்கு அது என்ன பாயா?"

முறைத்தார். கன்டெய்னர் பேப்பர்களை எடுத்து வைத்து எல்லா நம்பரையும் திரும்ப அடித்து அனுப்பினேன். அதற்குள் லாரியை ஓரங்கட்டி வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். பெட்டியை இறக்கும்போது இருட்டிவிட்டது.

வேம்பார் போகிற வழியிலிருந்து டிரைவர் கூப்பிட்டார். "பூ வச்சிட்டுக் கெளம்பிட்டாகளாம். அப்பன் எங்கன்னு கேட்டாகளாம்." பிறகு கேட்டார்: "நாளைக்கி லிஸ்ட்ட யாரு போடுதா? அத மட்டும் சொல்லு."

"நாந்தான் அண்ணாச்சி."

மறுநாள் வந்ததும் ஷீட்டைப் பூட்டினேன். மேனேஜர் பாஸ்வேர்டு கேட்டார். தர மாட்டேன் என்றேன்.

"ஓனர்ட்ட சொல்லுவேன்ளா."

ஓனர் நம்பரை நானே போட்டு போனை அவர் கையில் கொடுத்தேன்.