சகலையின் இடுப்பளவு

தையல்காரருக்கும் சகலைக்கும் இரத்தத்தில் கொழுப்பு அதிகம், இதயம் பத்திரம் என்றார் டாக்டர். மாத்திரை வேண்டாமென்று வீம்பு பிடித்த தையல்காரர், வறுவலை விட்டுவிட்டு வியர்க்க வியர்க்க நடந்தார். கொழுப்பு கொஞ்சம்தான் இறங்கியது. சகலையோ தினம் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வறுத்த கோழியை வெளுத்துக்கட்டினார். அவருக்குச் சரசரவென்று இறங்கிவிட்டது.

"உனக்கு எதுக்கு சகலை இந்தப் பாடு?" என்று அவர் சிரித்தபோது தையல்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. சகலைக்குத் தைத்த பேன்ட்டின் இடுப்பை அளவைவிட ஓர் அங்குலம் குறைத்தே வெட்டினார்.

பொத்தான் எட்டாமல் சகலை வெலவெலத்துப் போனார். "அதுக்குள்ள இவ்ளோ பெருத்துட்டேனா?"

"டேப்பு பொய் சொல்லுமா?"

மறுநாளே சகலை மாத்திரையோடு நடையையும் சேர்த்துக்கொண்டார். வறுவலையும் விட்டார்.

இப்போது அந்த பேன்ட்டே அவருக்குத் தொளதொளக்கிறது. "கொஞ்சம் பிடிச்சுக் குடு சகலை" என்று தையல்காரரிடமே நீட்டினார்.