எதுக்குன்னு தெரியல, சார்

அந்த போன் வந்தபோது நான் பைக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பேசியவர் தனிப்பிரிவு ஏட்டு. ஊரில் யார் எப்படி என்று விசாரித்து மேலே எழுதி அனுப்புகிறவர். மூன்று வாரத்துக்கு முன்புதான் என்னைப் பற்றி விசாரிக்க எங்கள் தெருவுக்கு வந்து போயிருந்தார்.

நான் காவலர் தேர்வில் தேறியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா தென்காசியைச் சுற்றியுள்ள வயல்களில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அவருக்குத் தன் பெயரை எழுதவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவம் எல்லாம் முடிந்து, நன்னடத்தை விசாரணை மட்டும் பாக்கி. அன்று எனக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் என் கூட்டாளியின் அத்தா. தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கிறார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"நம்ம பயதான் சார். பாதி நாள் எங்க வீட்டுச் சோறு. ஒரு கொற சொல்ல முடியாது" என்றார். கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இப்போது ஏட்டு கூப்பிட்டது அவர் மகனுக்காக.

"தம்பி, ஒரு பாஸ்போர்ட் என்கொயரி. ரெஃபரன்ஸ்ல உன் பேரப் போட்டிருக்கான்."

கூட்டாளி என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. ஏசி மெக்கானிக் படித்தவன். குவைத்தில் ஒரு கம்பெனி நேர்காணலில் எடுத்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் பாஸ்போர்ட்டோடு வந்தால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆள்.

அந்த வாரம்தான் வடக்கே ஒரு நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. டீக்கடை டிவியில் ரத்தம் சிந்திய ஒற்றைச் செருப்பைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பிடிபட்டவர்களில் ஒருவன் வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கித் தொழில் படித்தவன் என்றார்கள். எங்கள் தெருப் பாத்திரக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இவங்கள எல்லாம் ஒரு கண்ணு பாத்துக்கிடணும்லே. யாரு என்ன செய்யுதான்னு யாருக்குத் தெரியும்." காலையில் குட்மார்னிங் படத்துக்குப் பதிலாக அந்த மாதிரி மெசேஜ்களைத்தான் அவர் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். கூட்டாளி கொடுத்த இன்னொரு ரெஃபரன்ஸ் அவர்தான்.

ஏட்டு கேட்டார்: "பையன் எப்படி?"

"ஸ்கூல்ல சேந்து படிச்சோம், சார்."

"இப்பப் பழக்கம் இருக்கா?"

"இப்ப அவ்வளவா இல்ல, சார்."

முந்தின நாள் சாயங்காலம் என் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து பரோட்டாக் கடைக்கு வந்தவன்.

"நடுவுல மூணு மாசம் ஊர்ல இல்ல போலயே. எங்க போனான்?"

"ஹைதராபாத்னு சொன்னாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியல, சார்."

எனக்குத் தெரியும். பெரிய ஏசிகளைப் பழுது பார்க்கும் பயிற்சிக்குப் போனான். தென்காசி ஸ்டேஷனில் அவனுடைய தகரப் பெட்டியை ரயிலில் ஏற்றியவன் நான். திரும்பி வரும்போது எனக்கு ஓட்டப் பயிற்சிக்கு ஷூ வாங்கி வந்தான். அதைப் போட்டு ஓடித்தான் நான் தேறினேன்.

"சரி தம்பி. நீ டிபார்ட்மென்டுக்கு வரப்போற ஆளு. ஜாக்கிரதையா இருந்துக்கோ" என்று ஏட்டு வைத்துவிட்டார். அவர் என்னை மிரட்டவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எங்கோ ஒரு ஃபைலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தால், என் ஆர்டர் வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

எனக்கு ஆர்டர் வந்தது. அவன் விண்ணப்பம் மறுவிசாரணைக்குப் போனது. ஹைதராபாத்தில் எங்கே தங்கினான், யார் கூடத் தங்கினான் என்று கேட்டு, அங்கே எழுதினார்கள்; அங்கிருந்து பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழிந்தது. குவைத்துக்கு வேறு யாரோ போனார்கள். நான் பயிற்சியில் இருந்தேன். போனில் அவன் அதைச் சொன்னபோது, "விடுலே, வேற கெடைக்கும்" என்றேன்.

போன சீசனில் பட்டாலியனிலிருந்து எங்களைக் குற்றாலத்துக்கு பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள். மெயினருவிக்குப் போகும் வழியில் பைச் சோதனை. எல்லாப் பையையும் பார்க்க முடியாது, கூட்டம் அப்படி. ஆனால் என் கை எந்தப் பைக்கு முதலில் போகிறது என்று நான் கவனித்திருக்கிறேன். தொப்பி போட்ட ஒரு பெரியவரின் பையைத் திறந்தேன். எண்ணெய்ப் பாட்டில், ஈரத் துண்டு, ஒரு பொட்டலம் அல்வா. "நல்லாப் பாருங்க தம்பி" என்று அவரே பையை விரித்துக் காட்டினார். பழகியிருந்தார்.

கூட்டாளி ஐந்தருவி ரோட்டில் பழக்கடை போட்டிருந்தான். டூட்டி முடிந்து போனேன்.

"வாங்க ஆபீசர். கடையச் சோதனை போடணுமா? மங்குஸ்தான் உருண்டையாத்தான் இருக்கும், பயந்துராதீய" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒரு பழத்தை அழுத்தி உடைத்து என்னிடம் கொடுத்தான். "மறுபடி பாஸ்போர்ட்டுக்குப் போடப் போறேன் மாப்ளே. உன் பேரத்தான் மொதல்ல போடுவேன். இப்ப நீ போலீசுல்லா. ஆனா அந்தப் பாத்திரக்கடக்காரரு பேரு மட்டும் கெடையாது."

"ஏன்?"

"ரெண்டு பேருல ஒரு ஆளு ஒழுங்காச் சொல்லலன்னு ஏட்டு வாய விட்டுட்டாரு. வேற யாரு சொல்லியிருப்பா? டெய்லி மெசேஜ் அனுப்புதவருதானே. அதுலேருந்து அவருகூடப் பேச்சு கெடையாது. அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைக்கல."

சும்மா இருந்திருக்கலாம். ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அவன் என் பெயரை மறுபடி எழுதப் போகிறான்.

"அண்ணாச்சி இல்லலே. நான்தான்" என்றேன்.

ஏட்டு கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். ஹைதராபாத் என்று வந்தபோது அவன், "பெட்டியத் தூக்குனது நீதானலே" என்றான். ஒரு குடும்பம் வந்து ரம்புத்தான் கேட்டது. நிறுத்துக் கொடுத்தான். அவர்கள் போனபின்பும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிரு" என்றேன்.

"அங்கன போய்ச் சொல்லு. அந்த மனுசன்ட்ட" என்றான். பழங்களை அடுக்கிக்கொண்டே, "அத்தாட்ட சொல்லிராத. உனக்கு வேலை கெடச்சதத் தன் மவனுக்குக் கெடச்ச மாரி ஊர் பூராச் சொல்லிக்கிட்டு அலையுதாரு" என்றான்.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஈயப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டார். "அந்த மெசேஜ் எல்லாம் அனுப்புனதுக்குத்தான் பத்திரிகை வைக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரியும் அதத்தான் சொல்லி ஏசுனா" என்றார். பிறகு, "ஏட்டுட்ட நான் தங்கமான பயன்னுதானலே சொன்னேன். நம்ம தெருப் பயல எப்படி மாத்திச் சொல்லுவேன்?" என்று என்னையே கேட்டார்.

கூட்டாளி போன மாதம் விண்ணப்பம் போட்டுவிட்டான். ரெஃபரன்ஸ் இரண்டு பேர். ஒருவர் அண்ணாச்சி. இன்னொருவர் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் ஓர் அண்ணன். எனக்கு அதைச் சொன்னதும் அண்ணாச்சிதான். கூட்டாளி என்னைப் பார்த்தால் பேசுகிறான். மாப்ளே என்று கூப்பிடுவதில்லை.

விடுமுறைக்கு வந்தபோது யூனிஃபார்ம் தைக்கத் துணியை மாமாவிடமே கொண்டுபோனேன். வேறு கடைக்குப் போனால் ஏன் என்று கேட்பார். மார்பைச் சுற்றி டேப்பை இழுத்து, "மூச்ச விடு. எதுக்கு இப்படிப் பிடிச்சு வச்சிருக்க" என்றார். அளவை நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு இந்தத் தடவ வந்துரும்லா? உன்னயக் கேட்டா ஒரு வார்த்த நல்லாச் சொல்லு, என்ன."

கேட்க மாட்டார்கள். என் பெயர் அதில் இல்லை.

"சொல்லுதேன் மாமா" என்றேன். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.