கை தெரியலேன்னா நிறுத்து

நான் எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் தங்கியவன் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். விசாகப்பட்டினத்தில் கப்பல் துரு சுரண்டினேன், தூத்துக்குடியில் உப்பு சுமந்தேன், குஜராத்தில் மரம் இறக்கினேன். முதுகு விட்டுப்போன பிறகு, திருவொற்றியூரில் இருந்து எண்ணூர் போகும் சாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தேன். கடலைப் பார்த்த அடுக்குமாடி, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

அக்கா விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுப்பாள். ஷேர் ஆட்டோவில் மாத்தூர் கொண்டுபோய் ஒரு தெருமுனையில் விற்றுவிட்டு மாலையில்தான் திரும்புவாள். அதுவரை அவள் கணவரை, என் மாமாவை, யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மாமா துறைமுகத்தில் முப்பது வருடம், கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு போய்த் திரும்ப வந்தது.

வந்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள். "சமைக்க வேணாம், துவைக்க வேணாம். ஒரே ஒரு வேல. சைரன் அடிச்சா மட்டும் அவர வுட்டுட்டுப் போவாத."

அதற்குக் காரணம் இருந்தது. நான் வருவதற்கு முந்தைய வருடம் ஒரு விடியற்காலையில், எங்களுக்கு வடக்கே இருக்கும் ஒரு தொழிற்சாலையின் குழாயில் அம்மோனியா கசிந்தது. சைரன் அடித்ததும் கட்டடம் மொத்தமும் கீழே ஓடிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாமாவைத் தூக்க ஆள் இல்லை. "நீ போ, நீ போ" என்று அவர் கத்தியிருக்கிறார். அக்கா போகவில்லை. ஒரு துண்டை நனைத்து அவர் முகத்தில் போட்டு, இன்னொன்றைத் தன் முகத்தில் கட்டிக்கொண்டு, கதவை மூடிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் பிழைத்தார்கள். அக்காவுக்கு இருமல் மட்டும் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர் டிரம்முக்கு மேலே ஆணியில் துண்டு தொங்கும். சைரன் கேட்டால் துண்டை நனை, மூக்கில் கட்டு, கீழே இறங்கு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார், கடலோரம் ஓடு. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் வீட்டு ஆணியில் இரண்டு துண்டு.

மாமா நாள் முழுவதும் இடது கையில் போனை வைத்துக்கொண்டு உலகச் செய்தி கேட்பார். அமெரிக்கா என்ன சொன்னது, ரஷ்யா என்ன சொன்னது, சீனா புதிதாக எதைப் பறக்கவிட்டது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் ஒரு அறையில் இரண்டு பேர் பகலெல்லாம் இருந்தால், ஒருவர் கேட்பதை இன்னொருவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டானுங்க மச்சான்," என்பார். "நான் வேலைக்கு சேர்ந்தப்போ இப்டித்தான் மொறைச்சிகினு இருந்தானுங்க."

அவர் சொன்ன அந்தக் காலம் எனக்கு விநோதமாக இருந்தது. உலகமே இரண்டாகப் பிரிந்து கிடந்தபோது, இரண்டு பக்கத்துக் கப்பலும் எங்கள் துறைமுகத்துக்கு வந்திருக்கின்றன. சோவியத் கப்பலில் இருந்து பேப்பர் உருளைகளை இறக்கிவிட்டு, மறுநாள் அமெரிக்காவில் இருந்து வந்த உரத்தை இறக்கியிருக்கிறார். சோவியத் மாலுமி ஒருவன் அவரிடம் ஒரு குடையை வாங்கிக்கொண்டு பதிலுக்கு மீன் டப்பா ஒன்றைக் கொடுத்தானாம்.

"காசிமேட்டுக்காரனுக்கு டப்பாவுல மீனு! உங்கக்கா மோந்து பாத்துட்டு, இது செத்து எத்தினி வருசம்னு கேட்டா."

"அப்போ குண்டு இல்லியா மாமா?"

"இப்போ கீறத வுட ஜாஸ்தியே இருந்துச்சு."

"அப்பால இன்னா? அப்பவே ஒன்னும் ஆவல, இப்ப மட்டும் இன்னா ஆவப்போவுது?"

அதற்கு அவர் தன் வேலையைச் சொன்னார். சரக்கு அடுக்கும் அறை கப்பலின் அடிவயிற்றில் இருக்கும். மேலே விஞ்ச் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அறைவாயின் ஓரத்தில் ஒருவர் நின்று கை காட்டுவார். உள்ளங்கை மேலே போனால் தூக்கு, கீழே போனால் இறக்கு, கையை மூடினால் நில். அந்தக் கை தெரியவில்லை என்றால் விஞ்ச்சை நிறுத்திவிட வேண்டும். யார் கத்தினாலும் சரி. ஒரு முறை நல்ல மழையில் கை மறைந்துவிட்டது. மாமா நிறுத்திவிட்டார். மேஸ்திரி ஏகத்துக்கும் திட்டியிருக்கிறார். எட்டிப் பார்த்தால், சுமைக்கு நேர் கீழே ஒருவர் நின்று, அவிழ்ந்த லுங்கியை நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தாராம்.

"அப்போ அவனுங்களுக்கு நடுவுல கை காட்டறதுக்கு எதுனா ஒன்னு இருந்துச்சு மச்சான். நேரா பேசறதுக்கு ஒரு லைனு. எத்தினி குண்டு கீதுன்னு இவன் வூட்டுக்கு அவன் வந்து எண்ணிட்டுப் போவான், அவன் வூட்டுக்கு இவன் போவான். அந்த ஒப்பந்தம்லாம் ஒன்னொன்னா காலாவதி ஆவுது. இப்போ கையும் தெரியல, விஞ்ச்சும் நிக்கல."

சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லையில் சண்டை வந்த வாரங்கள். நம் கையிலும் குண்டு, பக்கத்து நாட்டின் கையிலும் குண்டு. சென்னையில் விழுந்தால் எதுவரை எரியும் என்று வட்டம் போட்ட படங்கள் எல்லாருடைய போனிலும் சுற்றின. டீக்கடையில் ஒரே பேச்சு. இரண்டாவது மாடியில் குடியிருக்கும் லாரி டிரைவர் படத்தைக் காட்டி, "நம்ம ஏரியா ரெண்டாவது வட்டத்துல கீது," என்றார்.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "நம்ம ஏரியால போட மாட்டாம்பா. மேலேர்ந்து பாத்தா ஏற்கெனவே போட்ட மாதிரிதான கீது."

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பக்கம் போகும்போது எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் புகைபோக்கிகளையும் பார்த்திருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும்.

போர் ஒத்திகை நடக்கப்போகிறது என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். தொழிற்சாலை சைரனையே அடிப்பார்கள். கேட்டதும் வீட்டுக்குள் போ, கதவை மூடு, விளக்கை அணை, சன்னலை விட்டுத் தள்ளியிரு. எல்லாரும் கேட்டோம். மாமா போனிலும் அதைப் படித்தார்.

மறுநாள் மதியம் சைரன் அடித்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், "ஓடு ஓடு" என்ற குரல். கப்பலின் அடியறையில் ஒருமுறை காற்று கெட்டு இரண்டு பேர் என் கண் முன்னால் விழுந்ததைப் பார்த்தவன் நான். என் கை ஆணிக்குப் போனது, டிரம்முக்குள் முங்கியது, கால் படியில் இருந்தது. மூச்சு வந்தபோது கடலோரப் பாறைக்கல் மேல் நின்றிருந்தேன்.

கட்டடமே அங்கே இருந்தது. நூறு பேருக்கு மேல், மூக்கில் ஈரத்துணியோடு. ஒரு அம்மா முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒத்திகைக்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"எல்லாம் உள்ள போங்கம்மா! இது குண்டு! குண்டுக்கு வெளிய வரக் கூடாது!"

"குண்டுன்னு மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நேத்துலேர்ந்து ஆட்டோல கத்திகினு கீறோமே!"

"நீ ஆட்டோல ஆயிரம் கத்துவ. சைரன் ஒன்னுதானப்பா கீது. அது கேஸா குண்டான்னு நாங்க இன்னா ஜோசியமா பாக்கறது?"

ஒருவர் சிரிக்க, கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே முகத்துத் துண்டை அவிழ்த்தேன். இடது கையில் இன்னொரு துண்டு இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மாமாவின் துண்டையும் நான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. வீடு இருட்டாக இருந்தது. ஃபேன் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை. தலைமாட்டில் ஒரு கம்பு எப்போதும் இருக்கும். அதை இடது கையால் பிடித்து ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்திருந்தார். அதே கம்பால் சன்னல் கதவையும் இழுத்துச் சாத்தியிருந்தார். போன் மெத்தையில் கவிழ்ந்து கிடந்தது.

"இன்னா மச்சான், குண்டு வுழுந்துச்சா?"

இரண்டு துண்டையும் கொடியில் போட்டேன்.

"இந்த பில்டிங்லயே ஒத்திகைய கரெக்டா செஞ்சவன் நான் ஒர்த்தன்தான். கதவ மட்டும் நீ தொறந்து போட்டுட்டு போய்ட்ட. அதுல ஒரு மார்க்கு போச்சு."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். கம்பை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. வாங்கித் தலைமாட்டில் வைத்தேன். "உங்கக்கா கிட்ட சொல்லாத. அப்பால அவ மார்க்கெட்டுக்கே போவ மாட்டா," என்றார்.

இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை பையை எடுத்துத் துணிகளை வைத்தேன். எந்த ஊரிலும் எனக்குத் தெரிந்த வழி அதுதான். அக்கா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே பார்த்தாள்.

"எங்க?"

சொன்னேன். ஓடியதையும் இரண்டு துண்டையும் சொன்னேன். மாமா கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்திருந்தார். அக்கா கூடையைக் கவிழ்த்து வைத்தாள். இருமல் வந்தது, அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கு வந்து பாத்தா கொடியில ரெண்டு துண்டும் ஈரம். அப்பவே தெரியும்."

"அப்போ ஏன் கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? ஓடாம குந்திகினு இருந்தா மட்டும் இன்னா செஞ்சிருப்ப? நானும் குந்தினுதான் இருந்தேன். மூஞ்சில துண்டப் போட்டுட்டு சாமியக் கூப்ட்டுகினு இருந்தேன். நீ போறதுன்னா போ. அவர கீழ எறக்கறதுக்கு ஒரு வழி செஞ்சிட்டுப் போ."

தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார். "பிளாஸ்டிக் சேரு ஒன்னு, கயிறு இருவது முழம்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராயபுரம் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, எங்கள் ஒத்திகை. முன்னால் லாரி டிரைவரும் டீ மாஸ்டரும், பின்னால் நானும் எதிர்வீட்டு ரயில்வேக்காரரும். சுமை கட்டும் முடிச்சை எப்படிப் போடுவது என்று மாமா வாயாலேயே சொல்ல, நான் போட்டேன். இரண்டு தடவை அவிழ்க்கச் சொன்னார். நெஞ்சில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. இடது கையை வெளியே விட்டுக்கொண்டார்.

"என் கைய மட்டும் பாருங்க. வாயப் பாக்காதீங்க, அது கோணிகினு கீது. லோடும் நானே, சிக்னலும் நானே. இப்டி ஒரு வேல எந்தக் கப்பல்லயும் செஞ்சதில்ல."

உள்ளங்கை கீழே போனது. இறக்கினோம். ஒவ்வொரு படியாக, கை காட்டினால் மட்டும். மேலே இருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். "கல்யாண மாப்ள ஊர்வலம்டோய்!" "மோளம் எங்கப்பா?"

முதல் மாடித் திருப்பத்தில் படியோரக் கட்டைச் சுவர் குறுக்கே வந்தது. நாற்காலி திரும்பியது. முன்னால் இருந்தவர்கள் கீழ்ப்படிக்குப் போய்விட்டார்கள். எனக்கு மாமாவின் தலை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, கை தெரியவில்லை. முதுகு தீயாக எரிந்தது. இன்னும் ஒரு படி இறக்கினால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், கால் அதற்குத் தயாராகவும் இருந்தது.

நின்றேன்.

"இன்னாபா நின்னுட்ட? கனக்குது, ஜல்தி எறக்கு!" என்றார் டீ மாஸ்டர்.

"கை தெரியல."

மாமா திரும்பிப் பார்க்க முயன்றார், கயிறு விடவில்லை. கட்டைச் சுவருக்கு மேலே இடது கை மூடியபடி மெதுவாக எழுந்தது. முன்னால் நின்ற டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, நாற்காலியின் முன்கால் பாதிதான் படியில் இருக்கிறது என்றார். ஒரு அங்குலம் பின்னால் இழுத்தோம். பிறகுதான் உள்ளங்கை கீழே திரும்பியது.

கீழே வந்து சேரப் பதினொரு நிமிடம். ரயில்வேக்காரர் போனில் நேரம் பார்த்துச் சொன்னார்.

"ராக்கெட்டுக்கு லேட்டு," என்றார் மாமா. "கேஸுக்கு தேவல. இன்னும் கொறைக்கணும்."

சாலையைத் தாண்டிப் பாறைக்கல் வரை தூக்கிக்கொண்டு போனோம். நான்கு வருடத்தில் அவர் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றுதான். தூரத்தில் ஐந்தாறு கப்பல்கள் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அந்த கறுப்பு கப்பலு எந்த நாடு மச்சான்? கொடி தெரியுதா?"

"தெரியல மாமா. இப்போல்லாம் எண்ணெய்க் கப்பலுங்க அமெரிக்கா தடைக்கு பயந்து கொடிய மாத்திகினே வருதுன்னு நீதான சொன்ன."

"ஆமா," என்றார். பெரிய நாடுகள் பழைய சண்டைக்குத் திரும்பிவிட்டனவா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். மாமாவைப்போல் முப்பது வருடம் ஒரு கையைப் பார்த்தே வேலை செய்தவர் பயந்தால், அதை நான் போனில் வரும் வேடிக்கை என்று தள்ள மாட்டேன்.

அக்கா கீழே இறங்கி வந்திருந்தாள். கையில் மூன்று துண்டு. இரண்டு பழையவை, ஒன்று புதியது, இன்னும் கஞ்சி போகாதது.

"வெயில் ஏறுது," என்றாள். "மேல தூக்குங்க."

டீ மாஸ்டர் தலையில் கை வைத்தார். "ஐயோ, ஏத்தறது ஒன்னு கீதுல்ல!"

மாமாவின் இடது கை எழுந்தது. நாங்கள் நான்கு பேரும் குனிந்து பிடித்துக்கொண்டு, உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தோம்.