பதினான்கு விடைத்தாள்களும் ஓர் ஓடையும்

தேர்வு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் அவளை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பது வருடமாக விடைத்தாள் கட்டுகளின் தையலைப் பிரித்து, தாள் தாளாக இயந்திரத்துக்குள் விட்டு, திரும்பக் கட்டி வைப்பது அவள் வேலை. ஓரத்தைத் தட்டிச் சமன் செய்யும்போதே ஒரு பக்கம் குறைந்தால் விரல் சொல்லிவிடும். "எந்த ஊரும்மா?" என்று யாராவது கேட்டால், "மேல," என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த கட்டை எடுத்துக்கொள்வாள். மலைக் குடியிருப்பிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதை மறைத்தாளா, சொல்ல வாய்க்கவில்லையா என்பது அவளுக்கே தெளிவில்லை.

அந்த வருடம் தாள் திருத்தச் செயற்கை நுண்ணறிவு வந்திருந்தது. திங்கட்கிழமை காலை கண்காணிப்பாளர் பதினான்கு தாள்களை அவள் மேசையில் வைத்தார்.

"ஸ்கேன்ல ஏதாவது கோளாறா பாரும்மா. பதினாலு பேரும் ஒரே கட்டுரை. மெஷின் காப்பின்னு சொல்லுது."

"கோளாறெல்லாம் இல்ல சார்," என்றார் பக்கத்து மேசைக் கணினிப் பிரிவுக்காரர். "ஜெராக்ஸ்கூட கொஞ்சம் மங்கலா விழும். இதுங்க அதவிட சுத்தம். முடிக்கிற இடம்கூட ஒண்ணு."

காப்பி என்று உறுதியானால் இரண்டு வருடம் தேர்வு எழுத முடியாது. பதினான்கும் மலை விடுதிப் பள்ளித் தாள்கள். பத்தாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளை இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வராது. அது அவளுக்குத் தெரியும்.

கேள்வி: உங்கள் ஊரில் ஓடும் நீர்நிலை பற்றிச் சொந்த நடையில் எழுதுக. முதல் தாளின் முதல் வரி: ஓடை வெள்ளைப் பாறைக்கு அடியில் பிறக்கிறது, அங்கே கால் வைக்காதே.

அடுத்த வரி படிக்காமலே அவளுக்குத் தெரிந்தது.

அவள் ஊரில் ஓடையை ஒரே விதமாகத்தான் சொல்வார்கள். மூடுபனி இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாத இடம் அது. எத்தனை எட்டு, எந்தப் பாறை, எந்தப் பக்கம் வழுக்கும் என்று சொல்லிக்கொண்டேதான் நடக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் ஓர் ஆள் பள்ளத்துக்குள் போவான். அதனால் அதில் யாருக்கும் சொந்த நடை கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் அவளும் அப்படியே எழுதி, வகுப்பு முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கற்றுக்கொண்டாள். வெள்ளி நாடா போல ஓடை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். வீட்டில் படித்துக் காட்டியபோது அப்பா, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நம்பி நடக்க முடியாதே," என்று சிரித்தார்.

"சார், இது காப்பி இல்ல. எங்க ஊர்ல இத இப்படித்தான் சொல்லுவாங்க."

"எங்க ஊர்னா?"

"இந்தப் பிள்ளைங்க ஊர்தான் சார்."

கணினிப் பிரிவுக்காரர் நாற்காலியைத் திருப்பினார். "அக்கா, தாள் பிரிக்கிறது நீங்கதானே? நாளைக்கு உங்க தலையில வந்து விடியப்போகுது, பாத்துக்கோங்க."

கண்காணிப்பாளரின் பார்வை மாறியதை அவள் கவனித்தாள். இனி வாயை மூடினாலும் சந்தேகம்தான்.

"தாள் எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க சார். நான் சொல்றேன், சரி பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். முதலில் குரல் தடுமாறியது. இரண்டாவது திருப்பத்தில் கால் தன் வழியைப் பிடித்ததுபோல் சொற்கள் தாமாக வந்தன. அவர் விரல் வரி வரியாக நகர்ந்தது. மூன்றாவது திருப்பத்தில் விரல் நின்றது. அவள் நிற்கவில்லை. சிறுபிள்ளைகள் குளிக்கும் குட்டை, துணி துவைக்கும் சப்பைக் கல், ஆற்றோடு சேரும் மணல்.

"நில்லும்மா. தாள்ல இவ்வளவு இல்லையே."

அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்தது. பதினான்கும் ஒரே இடத்தில் முடிந்தன: மூன்றாவது திருப்பத்தில் குழாய் இருக்கிறது. அதற்குக் கீழே சொல்ல ஒன்றுமில்லை.

அவள் ஒரு தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். ஊருக்குப் போய்ப் பதினோரு வருடம். அம்மா போனில் கால்வலியைச் சொல்வாள், யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்பாள். ஓடை எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டதே இல்லை.

"என்ன குழாய் அது?" என்றார் கண்காணிப்பாளர்.

கணினிப் பிரிவுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மேல ஒரு பெரிய கட்டடம் இருக்கு சார். தாள் திருத்துற நம்ம மெஷின் அங்கதான் ஓடுது. ரொம்ப சூடாகும். குளிர வைக்கத் தண்ணி வேணும்."

கண்காணிப்பாளர் அவள் கையிலிருந்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தாளப் பாத்து மனப்பாடம் பண்ணியிருந்தா தாளோட நின்னிருப்பே," என்றார் கண்காணிப்பாளர். ஒவ்வொரு தாளிலும் நகல் அல்ல என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டுரைக்கு மதிப்பெண் மட்டும் அவரால் போட முடியவில்லை. சொந்த நடையில் என்று கேள்வியிலேயே இருந்தது. மற்ற கேள்விகளால் பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

"அடுத்த வருஷமும் இதே கதைதான். நீ சொன்னத முழுசா டைப் பண்ணிக் குடும்மா. மெஷினுக்குக் காட்டி வச்சுடலாம்."

அவள் விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். எதை அடிப்பது? தன்னிடம் இருப்பதை நம்பி ஒருவர் நடந்தால் குட்டையில் தண்ணீர் இருக்காது. பிள்ளைகள் எழுதிய வழியில் அவள் நடந்ததில்லை.

"நான் சொன்னது பழசு சார். புதுச நடந்து பாக்கணும். உங்களுக்குக் குடுக்கலாமான்னும் ஊர்ல கேக்கணும். ரெண்டு நாள் லீவு வேணும்."

"வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"அடுத்த வருஷமும் நானே வந்து நின்னு சொல்றேன் சார்."