முதல் முடிச்சு

"உங்களால் செய்ய இயலாதவை எவை?" படிவத்தில் இருந்த கேள்வி இதுதான். அதற்குக் கீழே பன்னிரண்டு கோடுகள். அதில் ஒரு கோட்டையாவது நிரப்புவதற்கு நான் என் தம்பியோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

தம்பி ராணுவத்தில் இருந்தவன். பனிமலை உச்சியில் காவலில் இருந்தபோது குளிரில் விரல்கள் கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வலக்கையில் கட்டைவிரலும், ஆள்காட்டி விரலில் ஒரு கணுவும் மிச்சம். இடக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும். அதற்காக ஓய்வூதியத்தோடு ஊனத்துக்கென்று தனியாக ஒரு பங்கு வருகிறது. அந்தப் பங்கை இப்போது குறைக்கப் போவதாகப் பேச்சு. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கு அவ்வளவு எதற்கு என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். முடிவு செய்வதற்கு முன் சம்பந்தப்பட்டவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னதால், கள்ளக்குறிச்சியில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள்.

நான் ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். மனு எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் படிவம் என் கைக்கு வந்தது. அந்தப் பங்கை நம்பித்தான் தம்பி மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். இது குறைந்தால் அவள் படிப்பு பாதியில் நிற்கும். அவனுக்கும் அது தெரியும்.

"இன்னாடா எழுதறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதுக்கா."

"முடியாததுன்னு எதுனா ஒண்ணு இருக்கும்ல?"

"எனக்கு இன்னா முடியாது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவன் வீம்புக்கு அந்தப் பெண்ணின் படிப்பா பலி? நானே பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க போலீஸ்காரி மாதிரி அவன் பின்னாலேயே அலைந்தேன்.

காலையில் கல்வராயன் மலையிலிருந்து பனி இறங்கி மரவள்ளிக் கொல்லை முழுதும் நின்றது. தம்பி இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு வெயிலுக்காக வாசலில் குந்தியிருந்தான். முகம் சுருங்கிக் கிடந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லாத வெரலுதான் ஜாஸ்தி வலிக்குது" என்று சிரித்தான்.

நான் உடனே நோட்டைப் பிரித்தேன். "அத்த எழுதாத. அது வலி. அவங்க கேட்டுக்கினு கீறது முடியாததத்தான்" என்றான். வக்கீலிடம்கூட இப்படி ஒரு ஆட்சேபணையை நான் கேட்டதில்லை.

வெயில் ஏறியதும் எழுந்தான். சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கி செய்து வைத்திருக்கிறான். அதைச் சட்டைக் காஜாவுக்குள் விட்டுப் பொத்தானைப் பிடித்து இழுக்கிறான். ஐந்து பொத்தானுக்கும் ஐந்து இழுப்பு. மாட்டின் காம்பைக் கட்டைவிரலுக்கும் கணுவுக்கும் நடுவில் வைத்துப் பால் கறக்கிறான். வேறு யார் தொட்டாலும் அந்த மாடு உதைக்கிறது. மரவள்ளிக் குச்சியை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு, மணிக்கட்டில் வாரால் கட்டிய கத்தியால் துண்டு போட்டு நடுகிறான். கிளட்ச் இல்லாத மொபெட்டில் ரேஷன் கடைக்குப் போனோம். கைரேகை மெஷின் அவன் கட்டைவிரலை மூன்று தடவை ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் வேறு விரலை வைக்கச் சொன்னார். "இருக்கற ஸ்டாக்கு கம்மி சார், பாத்து கேளுங்க" என்றான் தம்பி. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கூடப் பிறந்தவன்தான், அம்பது வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் ஒரு நாளில் இவ்வளவு வேலையை இவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் செய்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மலைத்துப்போய்விட்டேன். நமக்குக் கை தானாகச் செய்வதையெல்லாம் இவன் ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

மத்தியானம் அடுப்பில் கொதிக்கும் குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்தான். துணி இல்லை, இடுக்கி இல்லை. நான் வாயைப் பிளந்தேன். பிறகு அவன் மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"அது சாமர்த்தியம் இல்ல அண்ணி. அவருக்கு சூடு தெரியாது. நாளைக்கு வந்து பாருங்க, கொப்புளம் கொப்புளமா நிக்கும்" என்றாள்.

அன்று சாயங்காலம் நோட்டில் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது? எனக்கு மெடல் குடுக்கற மாதிரி எழுதிக்கினு கீற" என்றான் தம்பி.

எல்லாமே அவன் செய்ததுதான். முடியாதது ஒன்றுமில்லை. நான் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்: "ஒரே ஒண்ணு சொல்லுடா. உன் பொண்ணுக்காக."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மொத முடிச்சு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் பின்னால் நிற்கும் அவன் அக்காவோ தங்கையோ போடுவாள். விரல்கள் போன பிறகுதான் அவன் கல்யாணம் நடந்தது, அதில் நான்தான் பின்னால் நின்றேன். மேளம் உச்சத்தில் போகிறது, எல்லோரும் அட்சதை போடுகிறார்கள், அவன் கையில் கயிறு வழுக்குகிறது. இரண்டு தடவை முயன்று பார்த்தான். பிறகு உதடு அசையாமல், "அக்கா, நீயே போட்டுடு" என்றான். மூன்று முடிச்சையும் நானே போட்டேன். கழுத்து மாலை மறைத்ததில் யாருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. என் வாய்க்கு அது பெரிய தவம். இவன் இப்போது அதைப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டே போட்டு உடைக்கிறான்.

அவள் பயறிலிருந்து தலை நிமிரவில்லை.

"அன்னிக்கே தெரியும்" என்றாள். "மொத முடிச்சிலயே கண்ணாடி வளையலு என் பிடரியில பட்டுச்சி. ஆம்பள கையில ஏது வளையலு?"

நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆனா அண்ணி, நீங்க போட்ட முடிச்சு இப்ப என் கழுத்துல இல்ல. மொத வருசம் ஆடிப் பதினெட்டுக்குக் கயிறு மாத்தணும்ல? எங்கம்மா மாத்த வந்தாங்க. இவரு வேணாம்னு சொல்லிட்டு, கதவ சாத்திக்கினு உக்காந்தாரு. கட்டவெரல்ல ஒரு முனை, பல்லுல ஒரு முனை. ஒரு முடிச்சுக்கு அரை மணி நேரம். மூணையும் அவரேதான் போட்டாரு. அதுலேர்ந்து வருசா வருசம் அவருதான்."

"அப்ப அதுவும் முடிஞ்சிருக்குதே" என்றேன். என் கண்ணில் தண்ணீர் நின்றது. படிவத்துக்கு எழுத இருந்த ஒன்றையும் இவள் தட்டிவிட்டாளே என்று ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அவரால முடியும் அண்ணி. நான்தான் ஒண்ணரை மணி நேரம் தலய குனிஞ்சிக்கினே உக்காந்திருக்கணும். எனக்குக் கழுத்து விட்டுப்போவும். அத்த எழுத எடம் இருக்குதா அந்தக் காயிதத்துல?"

இருந்தது. பன்னிரண்டு கோடும் காலியாகத்தானே கிடந்தது. நான் இப்படி எழுதினேன்: 'இயலாதது என்று எதுவும் இல்லை. மற்றவர் ஒரு நிமிடத்தில் செய்வதற்கு இவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. குளிரில் வலிக்கிறது. சூடு தெரியாமல் கை வெந்துபோகிறது. இவர் ஒரு முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை இவர் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முடிச்சு மட்டும்தான் தெரியும்.'

தம்பி வாங்கிப் படித்தான். வலியை அடிக்கச் சொன்னான், மாட்டேன் என்றேன். சூட்டை அடிக்கச் சொன்னான், அதற்கும் மாட்டேன் என்றேன். மனைவியைப் பற்றிய வரிக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினான். அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.